பவர் சிஸ்டம் ரிசேச் செய்யிற சேர்மாரைத் தேடிப் பிடிக்கிறது எப்பிடி (வன்னிப் பிள்ளையளுக்கு)

போன கிழமை முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஒரு தம்பி கோல் எடுத்தவன். "அண்ணை, பவர் பக்கம் ரிசேச் செய்ய ஒரு சுப்பர்வைசர் வேணும், ஆரிட்டப் போறது?" எண்டு கேட்டான். எந்தப் பவர் எண்டு நான் கேட்டன். "பவர் தானண்ணை, கரண்ட்" எண்டான். சிரிப்பு வந்தாலும் சிரிக்கேல்லை, ஏனெண்டால் எட்டு வருசத்துக்கு முதல் நானும் இதே மறுமொழியைத்தான் ஒரு லெக்சரருக்குச் சொன்னனான், அவர் கதவைக் காட்டேல்லை எண்டது அவற்ற நல்ல மனசு. அந்தத் தம்பிக்குப் போனில சொன்னதையெல்லாம் இப்ப எழுதிப் போடுறன். கிளிநொச்சி அறிவியல்நகர் எஞ்சினியரிங் பக்கல்டியில ஃபைனல் இயர் புரொஜெக்டுக்கு ஆள் தேடுறவைக்கும் மாஸ்டர்ஸ், பிஎச்டி எண்டு வெளியில அப்ளை பண்ணப் போறவைக்கும் இது உதவும்.

முதல் ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ. எலெக்ரிக்கல் டிப்பார்ட்மென்ட்டில இருக்கிற எல்லாரும் பவர் சிஸ்டம் ஆக்கள் இல்லை, பவர் சிஸ்டம் எண்டு போட்டிருக்கிற எல்லாரும் ஒரே வேலை செய்யிறதும் இல்லை. கரண்ட் வாற பாதையிலயே நடந்து பாத்தால் இது லேசா விளங்கும். மன்னார் தீவில நடுக்குடாப் பக்கம் கடற்கரையோட நிக்கிற காத்தாடியளை எடுங்கோவன், 30 காத்தாடி, ஒவ்வொண்டும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5. காத்து ஒருக்கா அடிக்கும் ஒருக்கா நிக்கும், நாளைக்கு எவ்வளவு வரும் எண்டு முன்கூட்டியே கணிக்கிறது ஒரு ஆள்ற வேலை. அந்தக் காத்தாடிக்குள்ள இருக்கிற கொன்வேட்டரை (அதில வாற கரண்டை லைனுக்கு ஏத்த மாதிரி மாத்துற பெட்டி) எப்பிடி ஓட்டுறது எண்டது பவர் எலெக்ரோனிக்ஸ் ஆள்ற வேலை. அங்கயிருந்து பெரிய லைனில ஏறி வாறது, எந்த லைனில எவ்வளவு போகுது, எந்த இடத்தில வோல்டேஜ் விழுகுது எண்டு கணக்குப் பாக்கிறது லோட் ஃபுளோ ஆக்கள், ஒரு பிழை வந்தாலும் முழு கிரிட்டும் (நாட்டின்ர கரண்ட் வலை) விழாமல் நிக்குமோ எண்டு பாக்கிறது ஸ்டெபிலிட்டி ஆக்கள். லைனில மரம் விழுந்தால் ஒரு செக்கனுக்கும் குறைய பிறேக்கர் (லைனைத் துண்டிக்கிற சுவிச்) விழவேணும், ஆனா தேவையில்லாத இடத்தில விழக்கூடாது, அது புரொடெக்சன் ஆக்கள். கிளிநொச்சி கிரிட் சப்ஸ்ரேசனில 132 கிலோவோல்ட்டை 33 ஆக்கி, பிறகு ஊர் ரான்ஸ்போமரில 400 வோல்ட் ஆக்கி, உங்கட வீட்டு வாசலுக்கு 230 ஆக வாறது வரைக்கும் டிஸ்ரிபியூசன் ஆக்கள். லைட் மினுக்கிறது, இன்வேட்டர் கத்துறது, மோட்டர் சூடாகிறது எல்லாம் பவர் குவாலிட்டி. இன்சுலேட்டரில உப்புப் படிஞ்சு பொறி பறக்கிறது ஹை வோல்டேஜ் ஆக்கள். விலை என்ன, எந்த மெசினை முதல் ஓட்டுறது எண்டு பாக்கிறவை இன்னொரு கூட்டம், அவை பாதி எக்கொனொமிக்ஸ்.

இதில எது உங்களுக்குப் பிடிக்கும் எண்டு தெரியாமல் ஆரிட்டயும் போகாதேங்கோ. தெரியேல்லை எண்டால் ஒரு வழி இருக்கு, இலங்கை முழுக்க லைட் நிண்ட நாளுகளை எடுத்து ஏன் நிண்டது எண்டு வாசியுங்கோ. 2016 மார்ச் 13 பியகமவில ரான்ஸ்போமர் வெடிச்சது, 2020 ஓகஸ்ட் 17 கெரவலப்பிட்டிய சப்ஸ்ரேசனில பிழை, 2023 டிசம்பர் 9 கொத்மலை பியகம லைன். பிறகு 2025 பெப்ரவரி 9, குரங்குக் கதை எண்டு ஊரெல்லாம் சிரிச்சது, பாணந்துறை சப்ஸ்ரேசனில குரங்கு பாஞ்சு நாடே இருட்டு எண்டு. குரங்கு பாயிறது புதினமில்லை, சப்ஸ்ரேசனில அணில், பாம்பு, காகம் எல்லாம் மாட்டுறதுதான். ஒரு இடத்துப் பிழை ஏன் நாடு முழுக்கப் போனது எண்டதுதான் கேள்வி. அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை, பகல், ஃபக்டரியள் பூட்டு, லோட் குறைவு, கூரையளில சோலர் நல்லா ஓடுது. அப்ப சுத்திற பெரிய மெசின் கொஞ்சம்தான் லைனில நிக்குது. லான்ட்மாஸ்டர் எஞ்சினில ஒரு பாரமான சில்லு இருக்குத்தானே, எஞ்சின் ஒருக்காத் திணறினாலும் அந்தச் சில்லுதான் இழுத்துக்கொண்டு போகும். பெரிய ஜெனரேட்டருக்கும் அப்பிடித்தான், அதைத்தான் இனேர்சியா எண்டுறது. சோலர் இன்வேட்டருக்கு அப்பிடிச் சுத்திற சில்லு இல்லை. அதால 50 ஹேர்ட்ஸில, அதாவது செக்கனுக்கு 50 தரம், ஓடவேண்டிய ஃபிரீக்குவென்சி கெதியா விழுந்துது, நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தில 300 மெகாவாட் மெசின் மூண்டும் நிண்டு போச்சு, பிறகு ரெண்டு நாள் ஒன்றரை மணித்தியாலப்படி கட் பண்ணினவங்கள். இதை வாசிக்கேக்க உங்களுக்கு எந்த இடத்தில "அட, இதை எப்பிடித் தடுக்கலாம்" எண்டு மண்டைக்குள்ள ஓடுதோ அதுதான் உங்கட பகுதி. சில்லுக் கதை பிடிச்சால் ஸ்டெபிலிட்டி, பிறேக்கர் ஏன் அப்பிடி விழுந்தது எண்டு யோசிச்சால் புரொடெக்சன், கூரைச் சோலரை என்ன செய்யலாம் எண்டு யோசிச்சால் டிஸ்ரிபியூசன். எனக்கு மூண்டாவது.

சரி, இனி ஆள் தேடுற வேலை.

பக்கத்தில இருக்கிறதை முதல் பாருங்கோ. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர எஞ்சினியரிங் பக்கல்டி 2014 இல கிளிநொச்சி அறிவியல்நகரில தொடங்கினது, ஏ9 றோட்டால வாறவைக்கு முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கி, அது முடிய முதல் வந்திடும். அங்க எலெக்ரிக்கல் அன்ட் எலெக்ரோனிக் டிப்பார்ட்மென்ட் இருக்கு. நாட்டுக்குள்ள எண்டால் பேராதனை, மொறட்டுவ, காலி ஹபுகல, ஒலுவில் எண்டு போகலாம். வெளியில எண்டால் கனடா மனிடோபா பல்கலைக்கழகத்தை எங்கட நாட்டு ஆக்களுக்கு நல்லாத் தெரியும், வடக்கில நெல்சன் ஆத்துக் கரண்டை டிசி லைனில வின்னிபெக்குக்குக் கொண்டுவாற ஊர், கிரிட்டில நடக்கிறதைக் கொம்பியூட்டரில ஓட்டிப் பாக்கிற பிஸ்காட் சொஃப்ட்வெயரும் அங்கதான் பிறந்தது, உதய அன்னக்ககே மாதிரி இலங்கை ஆக்கள் அங்க ஸ்டெபிலிட்டி பக்கம் கனகாலம் வேலை செய்தவை. அவுஸ்திரேலியா வொலொங்கொங் பவர் குவாலிட்டிக்குப் பேர் போன இடம், சரத் பெரேரா அங்க அந்தப் பக்கம் வேலை செய்தவர். பேராதனையில ஜனக ஏக்கநாயக்க ஸ்மார்ட் கிரிட், காத்தாடி எண்டு எழுதினவர். அமெரிக்காவில வேர்ஜினியா டெக்கில அருண் பட்கேயும் ஜேம்ஸ் தோர்ப்பும் ஆக்களும் 1988 இல பேசர் (வோல்டேஜ், கரண்ட் அலையின்ர அளவும் கோணமும்) அளக்கிற முதல் பெட்டியைச் செய்து காட்டினவை, இண்டைக்கு உலகம் முழுக்க கிரிட்டுகளில நிக்கிற பிஎம்யூ எண்ட பெட்டியள் அதின்ர பிள்ளையள். இந்தப் பேரெல்லாம் நீங்கள் உடன மெயில் போடச் சொல்லேல்லை, கன பேர் ரிட்டயர் ஆகியிருக்கலாம், ஆர் என்ன செய்தவை எண்டு பாத்தால் அவையிட்டப் படிச்சவை இப்ப எங்க இருக்கினம் எண்டு பிடிக்கலாம். பெரிய மரத்தை விட அதின்ர கண்டுதான் உங்களுக்கு நேரம் ஒதுக்கும்.

டிப்பார்ட்மென்ட் பக்கத்தில ஃபோட்டோவுக்குக் கீழ "ஆர்வமுள்ள துறைகள்" எண்டு பத்து வரி போட்டிருப்பினம், அதை அரைவாசிதான் நம்புங்கோ. அது வேலையில சேரேக்க நிரப்பினது, பிறகு மாத்தினதே இல்லை. கூகிள் ஸ்கொலரில பேரைப் போட்டு, வருசப்படி ஒழுங்குபடுத்தி, கடைசி மூண்டு நாலு வருசத்தைப் பாருங்கோ. ஒருத்தர் பக்கத்தில மைக்ரோகிரிட் எண்டு இருக்கும், கடைசி அஞ்சு பேப்பரும் பற்றரி பற்றித்தான் இருக்கும், அப்ப அவர் பற்றரி ஆள். பேர் வரிசையையும் பாருங்கோ, எங்கட துறையில வழமையா முதல் பேர் வேலை செய்த பிள்ளை, கடைசிப் பேர் சுப்பர்வைசர். முதல் பேர் வருசத்துக்கு வருசம் மாறி மாறி வருது எண்டால் அவர் பிள்ளையளை வளர்க்கிறார் எண்டு அர்த்தம். எங்கட தமிழாக்களைத் தேடேக்க ஒரு கரைச்சல் இருக்கு, அப்பாட பேர் எது சொந்தப் பேர் எது எண்டு ஸ்கொலருக்கு விளங்காது, ஒரு பேப்பரில ஒரு மாதிரியும் மற்றதில தலைகீழாயும் கிடக்கும், ரெண்டு விதமாயும் தேடுங்கோ. நீங்களும் முதல் பேப்பர் போடேக்க பேரை எப்பிடி எழுதுறது எண்டு ஒருக்கா முடிவெடுத்தால் சாகும்வரைக்கும் அதையே எழுதுங்கோ.

எங்க போட்ட பேப்பர் எண்டதும் முக்கியம். ஐட்ரிபிள்ஈ (எலெக்ரிக்கல் எஞ்சினியர்மாரின்ர உலகச் சங்கம்) போடுற ட்ரான்ஸாக்சன்ஸ் எண்ட ஜேர்னலுகள் பவர் சிஸ்டம்ஸ், பவர் டெலிவரி, ஸ்மார்ட் கிரிட் எண்டு தனித்தனியா இருக்கு, எல்செவியரின்ர எலெக்ரிக் பவர் சிஸ்டம்ஸ் ரிசேச் எண்ட ஜேர்னலும் நல்ல இடம். நாட்டுக்குள்ள மேர்கொன், ஐசியாஃப்ஸ் எண்ட கொன்ஃபரன்ஸுகள் பிள்ளையளுக்குத் தொடங்க நல்லது. காசைக் குடு மூண்டு நாளில போடுறம் எண்டு மெயில் வாற ஜேர்னலில ஒரு ஆள் வரிசையாப் போட்டிருந்தால் பேசாமல் அடுத்த ஆளைப் பாருங்கோ.

ரெண்டு பேப்பரை ஆவது முழுசா வாசியுங்கோ. கணக்கு விளங்காட்டிப் பரவாயில்லை, அறிமுகத்தையும், எந்த நெட்வேர்க்கில செய்தவை எண்டதையும், முடிவில "இனிச் செய்யவேண்டியது" எண்டு போட்டிருக்கிறதையும் வாசியுங்கோ. எனக்கு எப்பவும் விசர் வாற விசயம் ஒண்டிருக்கு. எங்கட பிள்ளையள் எடுத்த உடன ஐட்ரிபிள்ஈ 14 பஸ், 118 பஸ் எண்ட மாதிரி நெட்வேர்க்குகளை (பஸ் எண்டால் லைனுகள் சந்திக்கிற இடம்) கொம்பியூட்டரில ஓட்டுவினம். அது என்ன எண்டு கேட்டால் தெரியாது. அது 1962 இல அமெரிக்க மிட்வெஸ்ட்டில இருந்த லைனுகளின்ர ஒரு துண்டு. 33 பஸ் எண்டு டிஸ்ரிபியூசனுக்குப் பாவிக்கிறது 1989 இல ரெண்டு பேர் ஒரு பேப்பருக்காகப் போட்டது, அது 12.66 கிலோவோல்ட், எங்கட ஊரில அப்பிடி ஒரு வோல்டேஜே இல்லை. பழக அது நல்லது, உலகம் முழுக்க ஒரே நெட்வேர்க்கில செய்தால்தானே விடையளை ஒப்பிடலாம். ஆனா அமெரிக்கன்ர அறுபது வருசத்துப் பழைய லைனை நாலு வருசம் ஓட்டிப்போட்டு, எங்கட வாசலில நிக்கிற ரான்ஸ்போமர் எத்தினை கேவீஏ (எவ்வளவு லோட் தாங்கும் எண்ட அளவு) எண்டு தெரியாமல் வெளிக்கிடுறது சரியில்லை எண்டு எனக்குப் படும்.

இதுதான் நான் சொல்ல வந்தது. சேரிட்டப் போக முதல் உங்கட ஊர்க் கரண்டை அளந்துகொண்டு போங்கோ.

வன்னியில இதுக்குக் குறைவில்லை. ஒரு ரான்ஸ்போமரில இருந்து லைன் நீட்டுக்குப் போகும், வீடுகள் தூரத்தூர, ஒவ்வொரு காணியிலயும் தண்ணிப் பம். சிறுபோகத்தில வாய்க்கால் தண்ணி காணாமல் எல்லாரும் ஒரே நேரம் மோட்டரைப் போட, கடைசி வீட்டில மோட்டர் உறுமும், சுத்தாது. பெரியப்பா ஒருத்தர் மோட்டர் எரிஞ்சு வருசத்துக்கு ரெண்டு தரம் கொயில் கட்டக் குடுப்பார், கட்டுறவன்ர பிழை எண்டு அவனோட சண்டை. நான் ஃபைனல் இயரில மல்டிமீட்டர் ஒண்டைக் கொண்டுபோய் ஒரு கிழமை அவற்ற வீட்டுப் பிளக்கில கால் மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பாத்து கொப்பியில எழுதினன். "சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட ஆக்கள் நாங்கள், நீ கரண்டைக் கொப்பியில எழுதுறாய்" எண்டு அவர் பகிடி பண்ணினவர். அப்ப இங்க சட்டப்படி 230 வோல்ட்டுக்குக் கீழ மேல 6 சதவீதம், அதாவது 216 இல இருந்து 244 வரைக்கும்தான் இருக்கலாம் எண்டு இருந்தது. பின்னேரத்தில அவற்ற வீட்டில 200 ஐத் தாண்டேல்லை.

ஏன் எண்டு கணக்குப் பாக்கவும் பெரிய வித்தை வேண்டாம். 70 சதுர மில்லிமீட்டர் அலுமினிய ஏபிசி வயர் (போஸ்டில போற, உறை போட்டு முறுக்கின வயர்) கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 0.44 ஓம். ரான்ஸ்போமரில இருந்து வீடு 700 மீட்டர் எண்டு வையுங்கோ, அப்ப 0.31 ஓம். ஒரு பேசில (லைனில வாற மூண்டு கரண்ட் கம்பியில ஒண்டு) 60 அம்பியர் கடைசி வரைக்கும் போனால் 18 வோல்ட்டுக்கு மேல வயரிலயே போயிடும், 230 இல வெளிக்கிட்டது 211 சொச்சத்தில வந்து நிக்கும். லோட் வழி வழிய பரவி இருந்தால் விழுறது பாதிதான். ஆனா மூண்டு பேசிலயும் சமமா வீடுகளைக் குடுக்காட்டி நியூட்ரல் எண்ட, கரண்ட் திரும்பிப் போற வயரிலயும் விழும், இன்னும் மோசம். சோலர் போட்ட வீடுகள் கனக்க இருக்கிற லைனில நல்ல வெயில் மத்தியானத்தில இதே கணக்குத் தலைகீழ், கரண்ட் வீட்டில இருந்து ரான்ஸ்போமருக்குத் திரும்பிப் போக, வோல்டேஜ் ஏறி இன்வேட்டர் தானா நிண்டிடும், வீட்டுக்காரர் சோலர் கொம்பனிக்கு ஏசுவார். ஒரே லைனில பின்னேரம் குறைவு, மத்தியானம் கூட. இதை எப்பிடிச் சமாளிக்கிறது எண்டதை வைச்சு உலகத்தில எத்தினையோ பேர் பிஎச்டி செய்துகொண்டிருக்கினம்.

அளக்கிறது எப்பிடி எண்டால், வீட்டுக்குள்ள பிளக்கில மட்டும், சரியான மீட்டரால, கையில ஈரமில்லாமல். போஸ்டில ஏறுறது, ரான்ஸ்போமருக்குக் கிட்டப் போறது, கம்பியில கிளாம்ப் போடுறது ஒண்டும் வேண்டாம், அது லைன் ஆக்களின்ர வேலை, செத்தவையைத் தெரியும். ரான்ஸ்போமர் பலகையில கேவீஏ எழுதியிருக்கும், நிலத்தில நிண்டு போனால சூம் பண்ணி எடுங்கோ. தூரத்தைப் போன் மப்பில பாருங்கோ. வீட்டுக்காரரிட்டக் கேட்டு மோட்டர் பிளேட்டையும் ஃபோட்டோ எடுங்கோ. ஒரு கிழமைக் கணக்கை எக்செல்லில போட்டு ஒரு கோடு கீறுங்கோ. விருப்பமெண்டால் ஓப்பன்டிஎஸ்எஸ் எண்ட சொஃப்ட்வெயர் சும்மா கிடைக்குது, அமெரிக்காவில ஈபிஆர்ஐ எண்ட நிறுவனம் 2008 இல திறந்து விட்டது, அதில இந்த ஒரு லைனை வரையலாம். பைதன் தெரிஞ்சால் இதே கணக்குக்குப் பண்டாபவர் இருக்கு. மட்பவர் எண்டதும் அப்பிடித்தான், மட்லாப் இல்லாட்டியும் சும்மா கிடைக்கிற ஒக்டேவில ஓடும். களவா எடுத்த சொஃப்ட்வெயரைப் போட்டு ஓட்டி, பேப்பரில அதின்ர பேரை எழுதி மாட்டுப்படாதேங்கோ.

இனி மெயில். என்ர முதல் மெயிலை நினைச்சால் இப்பவும் கூசும், நாப்பது பேருக்கு ஒரே மெயில், அதில ஒண்டில வேற பேராசிரியரின்ர பேர். ஆர் மறுமொழி போடுவினம். பிறகு அந்தக் கொப்பிக் கணக்கை வைச்சு ஆறு பேருக்கு மட்டும் எழுதினன், மூண்டு பேர் பதில் போட்டவை. தலைப்பில விசயத்தைச் சொல்லுங்கோ, "மரியாதைக்குரிய ஐயா" எண்டு ஒரு பந்தி புகழ வேண்டாம். உள்ளுக்குள்ள இவ்வளவும் போதும், இங்கிலீசில எழுதுங்கோ ஆனா கருத்து இது:

"நான் இன்னார், இந்தப் பக்கல்டி, இந்த வருசம். நீங்கள் கூரைச் சோலரால வோல்டேஜ் ஏறுறது பற்றி எழுதின பேப்பரை வாசிச்சன். அதில நீங்கள் எல்லாப் பேசிலயும் லோட் சமம் எண்டு எடுத்திருக்கிறீங்கள். எங்கட ஊரில ஒரு லைனை ஒரு கிழமை அளந்தன், சமமில்லை, வரைபு இணைச்சிருக்கிறன். இதை மேல கொண்டுபோக விருப்பம். வருகிற வருசம் மாணவர் எடுக்கிறீங்களோ?"

பத்து வரி தாண்டக்கூடாது. வெளிநாட்டு ஆள் எண்டால் ப்ரொஃபெசர் போட்டு குடும்பப் பேர், எங்கட ஆள் எண்டால் டொக்டர் போட்டு அவர் பாவிக்கிற பேர், நேர சந்திச்சால் வழமைப்படி சேர், மிஸ். ரெண்டு கிழமை பாத்து ஒரே ஒருக்கா நினைவுபடுத்துங்கோ, அதுக்கும் பதில் இல்லை எண்டால் விடுங்கோ. கோபத்தில எழுதினதுகளை நான் பாத்திருக்கிறன், இந்தத் துறை சின்னது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

பக்கத்துக் கம்பஸ் எண்டால் மெயில் போட்டிட்டு நேர போங்கோ, லெக்சர் முடிஞ்ச கையோட வாசலில மறிக்காமல் நேரம் கேட்டுப் போங்கோ. பரந்தன் றோட்டால மழைக்காலத்தில பஸ் எப்ப வரும் எண்டு ஆருக்கும் தெரியாது, ஒரு மணித்தியாலம் முந்தி வெளிக்கிடுங்கோ. போனால் நீங்களும் கேள்வி கேக்கலாம், அது மரியாதைக் குறைவில்லை. எத்தினை பிள்ளையள் உங்களிட்ட இருக்கினம், கிழமைக்கு ஒருக்காச் சந்திப்பீங்களோ, டேட்டா எங்கயிருந்து வரும், எந்த சொஃப்ட்வெயருக்கு லைசன்ஸ் இருக்கு. டேட்டாக் கேள்வியை விடவே விடாதேங்கோ, எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா ஒரு அலுவலகத்தில லோட் டேட்டா தருவினம் எண்டு நம்பி ஒன்பது மாசம் கடிதம் கடிதமாக் குடுத்துக் கடைசியில தலைப்பையே மாத்தினவ. வெளியில பிஎச்டி எண்டால் சம்பளம் எந்த ஃபண்டில இருந்து, எத்தினை வருசத்துக்கு எண்டு எழுத்தில கேளுங்கோ. வெக்கப்படாதேங்கோ, வெளிநாட்டில அது சாதாரணக் கேள்வி.

அவரிட்டப் படிக்கிற ஒரு பிள்ளையோட தனிய கதையுங்கோ. "சேர் எப்பிடி?" எண்டு கேட்டால் "நல்லவர்" எண்டுதான் வரும். "கடைசியா எழுதிக் குடுத்ததை எத்தினை நாளில திருத்தித் தந்தவர்?" எண்டு கேளுங்கோ, அப்பதான் உண்மை வரும். ரெண்டு மாசம் எண்டு வந்தால் ஆள் எவ்வளவு பெரிய ஆளெண்டாலும் நான் போகமாட்டன். பேரில்லாத, நேற்று பிஎச்டி முடிச்சு வந்த இளம் லெக்சரர் ஒருத்தர் உங்களோட வயலுக்கு வந்து மீட்டர் பிடிக்க ரெடி எண்டால் அவரிட்டப் போங்கோ, அவருக்கும் பேப்பர் வேணும், உங்களுக்கும் வேணும்.

சந்திச்சிட்டு வந்த அண்டைக்கே கதைச்சதை அஞ்சு வரியில எழுதி அவருக்கு மெயிலில அனுப்புங்கோ, "நான் விளங்கிக்கொண்டது இது, பிழையெண்டால் சொல்லுங்கோ" எண்டு. லெப்பில மீட்டர் கடன் தருவினம், கேட்டால். கையெழுத்து வைச்சு எடுங்கோ, திருப்பிக் குடுக்கேக்க புதுப் பற்றரி போட்டுக் குடுங்கோ, நான் போடாமல் குடுத்து அடுத்த வருசத் தங்கச்சிக்கு அது கிடைக்காமல் போனது.